ஊருக்குக் கொண்டுபோகும் சாக்லெட்

பண்டிகைக்கு முந்தின இரவு. சில்க் போர்டில் தொடங்கி பொம்மனஹள்ளி வரை ஓசூர் ரோட்டின் ஓரமெல்லாம் பைகளும் பெட்டிகளுமாக ஜனங்கள் நிற்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். ஏறுகிறவர்களில் பலருடைய கையில் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு தனிப் பொட்டலம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வரும் மாமாவோ அத்தையோ வெறுங்கையோடு வந்தால் வாசலில் காத்து நிற்கும் குழந்தையின் முகம் எப்படி வாடிப்போகும் என்பதை வெளியூரில் பிழைப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பொட்டலத்தில் இப்போது மைசூர்பாகுடன் சாக்லெட்டும் இடம் பிடித்துவிட்டது. கடையில் அழகான பெட்டியில் அடுக்கி விற்கும் சாக்லெட்டை நாலு வீட்டுக்கு வாங்கினால் பை இளைத்துவிடும். ஆகையால் கட்டிச் சாக்லெட் வாங்கி, வீட்டிலேயே உருக்கி, அச்சில் வார்த்து, ஜிகினாத் தாளில் சுற்றிக் கொண்டுபோகும் வழக்கம் பல வீடுகளில் தொடங்கியிருக்கிறது. அச்சு, கட்டி, தாள் மூன்றும் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன.

ஆனால் முதல் தடவை செய்கிறவர்களில் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. உருகிக்கொண்டிருந்த சாக்லெட் திடீரென்று மண்போலத் திரண்டுவிடுகிறது. அல்லது அச்சிலிருந்து வர மறுக்கிறது. நன்றாக வந்ததும் இரண்டே நாளில் சாம்பல் பூத்து நிற்கிறது. "நமக்குக் கைராசி இல்லை" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கட்டியில் இருப்பது எந்தக் கொழுப்பு என்று தெரியாமல் அடுப்பில் வைத்ததுதான் காரணம். அதைத் தெரிந்துகொண்டால் ஒற்றை அறை வீட்டிலும், ஒரே ஒரு அடுப்பிலும் குறைவில்லாத சாக்லெட் வார்க்கலாம்.

காசின் அருமை

பொம்மனஹள்ளிக்காரர்களிடம் காசின் அருமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இங்கும் ஓசூர் ரோட்டின் இருபுறமும் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள், வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுப்பதற்குப் புதிய கட்டுப்பாடு வந்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் வேலையை விட்டு வெளியே வந்து சாலையை மறித்தார்கள். 19-ஆம் தேதியே மத்திய அரசு அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் தங்கள் கைக்கு வேண்டியபோது வர வேண்டும் என்பதற்காக நின்ற ஊர் இது.

அப்படிச் சேர்ந்த காசில் வாங்கிய அரைக் கிலோ சாக்லெட், ஒரு சொட்டுத் தண்ணீரால் வீணாகக் கூடாது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

ஊட்டி தந்த பெயர்

"ஹோம் மேட் சாக்லெட்" என்றால் தமிழர்களுக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். அடுத்தது கொடைக்கானல். ஊட்டிக்குப் போய்வந்தவர் வர்க்கியும் சாக்லெட்டும் வாங்காமல் மலையிறங்குவது அபூர்வம். அங்கே வீடுகளிலும் சிறு கடைகளிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆலையில் தயாரான கட்டியை உருக்குகிறார்கள், பாதாம், முந்திரி, உலர்ந்த திராட்சை சேர்க்கிறார்கள், தட்டிலோ அச்சிலோ ஊற்றி ஆறவைக்கிறார்கள்.

கோகோ விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, நாள் கணக்கில் அரைத்துச் சாக்லெட் ஆக்குவது வேறு தொழில். ஆரோவில்லில் 2014-இல் தொடங்கிய மேசன் அண்ட் கோ அந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு இயந்திரம் வேண்டும். நாம் வீட்டில் செய்வது உருக்கி வார்ப்பது மட்டுமே. அதில் குறைவு ஒன்றுமில்லை.

ஊட்டிக்கு இயற்கையே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வார்த்த சாக்லெட் தானே இறுகிவிடும். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் இங்கும் பிரிட்ஜ் இல்லாமலே காரியம் நடக்கும். சித்திரையில் நடக்காது. 2016 ஏப்ரலில் பெங்களூர் வெயில் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சாக்லெட்டோ 33, 34 டிகிரியிலேயே இளகிவிடும் பண்டம்.

வார்ப்பு வந்த கதை

சாக்லெட் முதலில் குடிக்கும் பானமாகத்தான் இருந்தது. 1828-இல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பத்தார் கோகோவைப் பிழிந்து அதன் கொழுப்பைத் தனியே எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார்கள். அந்தக் கொழுப்புக்குத்தான் கோகோ பட்டர், அதாவது கோகோ வெண்ணெய் என்று பெயர். 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனம், கோகோத் தூளோடும் சர்க்கரையோடும் அந்த வெண்ணெயை மறுபடி சேர்த்தால் அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பதம் வருகிறது என்று கண்டது. கடித்துத் தின்னும் சாக்லெட் அப்படித்தான் பரவியது. 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பால் சாக்லெட் செய்தார்.

ஆக, அச்சுச் சாக்லெட்டுக்கு உயிர் அந்தக் கொழுப்பு. வாயில் போட்டதும் கரைவதும் அதனால்தான். உடைக்கும்போது "டக்" என்று சத்தம் கேட்பதும் அதனால்தான். வார்ப்பில் கெடுதல் வந்தால் அதுவும் அந்தக் கொழுப்பினால்தான்.

இரண்டு கட்டி, இரண்டு குணம்

கடையில் கிடைக்கும் கட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் அவை இரண்டு ஜாதி.

ஒன்று அசல் சாக்லெட். இதில் இருப்பது கோகோ வெண்ணெய். மற்றது "காம்பவுண்ட்" என்பது. இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்த கெட்டிக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு. உருக்கி ஊற்றினால் அதிகப் பக்குவம் இல்லாமலே இறுகும். வீட்டில் சாக்லெட் செய்கிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது இதுதான்.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் "கோகோ பட்டர்" என்று இருந்து வேறு கொழுப்பு முக்கிய இடத்தில் இல்லையென்றால் அது அசல். "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்" என்று முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் இருந்தால் அது காம்பவுண்ட். ஆங்கிலம் படிக்க வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அழைத்துப்போய்ப் படிக்கச் சொல்லலாம். கடைக்காரர் வாயால் சொல்வதைவிட உறை சொல்வதே நம்பகமானது.

காம்பவுண்ட் கெட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுவே ஏற்றது. டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நாட்டில் விதி இருக்கிறது. என்றாலும் சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும் நிறைந்த பண்டம் என்பதை மறக்கக் கூடாது. பண்டிகைக்கு ஒன்றிரண்டு தின்பதற்கு உரியது, தினப்படிக்கு அல்ல.

ஒரு முக்கிய எச்சரிக்கை: காம்பவுண்ட் பாதி, அசல் பாதி என்று கலந்து உருக்கக் கூடாது. இரண்டு கொழுப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கலந்தால் சரியாக இறுகாது. இறுகினாலும் சீக்கிரம் வெள்ளை பூக்கும். "கொஞ்சம் ருசிக்காக ஒரு நல்ல பாரையும் உடைத்துப் போட்டேன்" என்று சொல்பவர்களின் சாக்லெட் கெடுவது இதனால்தான்.

உருக்கும் முறை

500 கிராம் காம்பவுண்ட் கட்டி, வறுத்து ஆறிய பருப்பு 100 கிராம். இவ்வளவுதான் சாமான். ஒரு துண்டு 12 கிராம் என்று வைத்தால், மொத்தம் 50 துண்டு வரும். பாத்திரத்தில் ஒட்டியது, பிள்ளைகள் ருசி பார்த்தது போக 45 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கட்டியை ஈரமில்லாத பலகையில் வைத்துக் கத்தியால் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டாகப் போட்டால் வெளிப்பக்கம் காய்ந்து உள்பக்கம் உருகாமல் நிற்கும்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றிச் சுடவையுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் வாயைவிட அகலமான இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தில் நறுக்கிய சாக்லெட்டைப் போட்டு மேலே வையுங்கள். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. இடுக்கு வழியாக ஆவி மேலே வந்து சாக்லெட்டில் படவும் கூடாது. அதற்காகத்தான் அகலமான பாத்திரம்.

நேரடியாக அடுப்பில் வாணலியை வைத்து உருக்குவது கூடவே கூடாது. சாக்லெட்டில் சர்க்கரையும் பால் தூளும் இருக்கின்றன. அடி பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடையைப் பிறகு எடுக்கவே முடியாது. வெள்ளைச் சாக்லெட்டில் பால் தூள் அதிகம். அது இன்னும் சீக்கிரம் தீயும்.

முக்கால் பங்கு உருகியதும் உலர்ந்த கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். 45 டிகிரிக்கு மேல் சூடு போகத் தேவையில்லை. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துளியைச் சுத்தமான விரலில் தொட்டுப் பார்க்கலாம். குளிக்கும் வெந்நீர்ச் சூட்டில் இருந்தால் சரி. கையைச் சுட்டால் அதிகம்.

இனி ஒரு சின்னக் காரியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மேல் பாத்திரத்தைத் தூக்கியதும் அதன் அடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் நீர்த்துளி, ஊற்றும்போது வழிந்து அச்சில் விழும்.

பிறகு பருப்பைச் சேர்த்து, அச்சில் ஊற்றி, அச்சை மேஜையில் இரண்டு தடவை மெதுவாகத் தட்டுங்கள். காற்றுக் குமிழ் வெளியேறிவிடும். பிரிட்ஜின் கீழ்த் தட்டில் 10 அல்லது 15 நிமிஷம் வைத்தால் போதும். ப்ரீசரில் வைக்க வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் அச்சானால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாக்லெட் இறுகி அச்சை விட்டுப் பிரிந்த இடம் மங்கலாகத் தெரியும். எல்லா இடமும் மங்கியதும் கவிழ்த்துத் தட்டினால் தானே விழும்.

அச்சு வாங்க மனமில்லாதவர்கள் ஐஸ் கட்டி போடும் தட்டைக் கழுவி, நன்றாக உலர்த்தி உபயோகிக்கலாம். அதுவும் இல்லையென்றால் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, அரைகுறையாக இறுகும்போது கத்தியால் வில்லை போடலாம். கடலைமிட்டாய் போடத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல.

ஒரு சொட்டுத் தண்ணீர்

உருகிய சாக்லெட்டில் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் துகள்கள் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கண்ணெதிரே குழம்பு போலிருந்தது மணல் போலாகிவிடும். ஈரக் கரண்டி, ஈரக் கை, சரியாக உலராத அச்சு, மூடியிலிருந்து சொட்டும் ஆவி, எது வேண்டுமானாலும் இதைச் செய்யும். ஆகையால் உருகும் சாக்லெட்டை மூடிவைக்கவே கூடாது.

அப்படித் திரண்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான பால் விட்டுக் கிளறினால் மறுபடி இளகிக் குழம்பாகும். வார்க்க உதவாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம். ரொட்டியில் தடவித் தரலாம். காசு முழுவதும் போகாது.

இதே காரணத்தால் எஸன்ஸ் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீரில் கரைத்த எஸன்ஸும் நிறமும் சாக்லெட்டைத் திரளச் செய்யும். எண்ணெயில் கரைத்ததே உதவும். இல்லையென்றால் ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி, காப்பித் தூள் ஆகிய உலர்ந்த பொடிகளைச் சேர்க்கலாம். மணத்துக்கு மணம், ஆபத்தும் இல்லை.

அசல் சாக்லெட்டானால்

கோகோ வெண்ணெய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது ஆறு விதமான படிகங்களாக இறுகக் கூடியது. ஆறில் ஐந்தாவது படிகம் ஒன்றுதான் பளபளப்பும் "டக்" என்ற உடைவும் தரும். மற்றவை மெத்தென்று மங்கலாக இருக்கும்; சீக்கிரம் வெள்ளை பூக்கும். உருக்கிய அசல் சாக்லெட்டை அப்படியே அச்சில் ஊற்றினால் வேண்டாத படிகங்களாகவே இறுகும். அச்சிலிருந்தும் எளிதில் வராது.

வேண்டிய படிகத்தை வரவழைப்பதற்கு "டெம்பரிங்" என்று பெயர். கறுப்புச் சாக்லெட்டை 45 டிகிரி வரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடி 31 அல்லது 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பால் சாக்லெட்டானால் கடைசிச் சூடு 29 அல்லது 30 டிகிரி.

வீட்டில் இதற்கு ஒரு சுலப வழி உண்டு. பால் சேர்த்து வைத்தால்தானே தயிர் உறையும்? பிரை ஊற்றுகிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். நறுக்கிய சாக்லெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு பங்கை உருக்கிக் கீழே இறக்கி, எடுத்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கடையிலிருந்து வந்த கட்டியில் நல்ல படிகம் ஏற்கெனவே இருக்கிறது. அது பிரைபோல வேலை செய்து மற்றதையும் தன் வழிக்குக் கொண்டுவரும்.

பதம் பார்ப்பது எப்படி? கத்தி முனையில் கொஞ்சம் தொட்டு வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் பளபளப்பாக இறுகினால் ஊற்றலாம். கீழ் உதட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் சூடும் குளிர்ச்சியும் இல்லாமல் லேசாகச் சில்லென்று தெரிய வேண்டும். சரியான பதத்தில் இறுகும் சாக்லெட் கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் அச்சிலிருந்து தானாகக் கழன்று விழுகிறது.

காம்பவுண்டில் இரண்டு மூன்று தடவை கை பழகிய பிறகு அசலுக்குப் போவதே சிக்கனம்.

உள்ளே என்ன வைக்கலாம்?

பாதாமும் முந்திரியும்தான் வேண்டுமென்பதில்லை. தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை அருமையாக ஒத்துப்போகும். பொரி, உடைத்த கடலைமிட்டாய், வறுத்த எள், உலர்ந்த திராட்சை, பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் எல்லாம் நல்லவை. பருப்பு எதுவானாலும் வறுத்து முழுவதும் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். நமுத்த கடலையும் பூஞ்சை பிடித்த கடலையும் சேர்க்கவே கூடாது. பூஞ்சைக் கடலையில் நஞ்சு இருக்கும். வறுத்தாலும் அது போகாது.

பச்சைத் தேங்காய்த் துருவல், பாலாடை, வெல்லப்பாகு, பழத் துண்டு ஆகிய ஈரமான பூரணங்களை ஊருக்குக் கொண்டுபோகும் சாக்லெட்டில் வைக்க வேண்டாம். வீட்டிலேயே அன்றைக்கே தின்பதற்கு மட்டும் அவை சரி. வெளியே சாக்லெட் நன்றாக இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் அந்தப் பரீட்சை கூடாது.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுப்பது நல்லது. வீட்டு நாய்க்குச் சாக்லெட் போடக் கூடாது. கோகோவிலுள்ள ஒரு பொருள் அதற்கு விஷம்.

வெள்ளை பூத்தால்

சாக்லெட்டின் மேல் சாம்பல் படிந்தாற்போல் இருந்தால் பூஞ்சை என்று பயந்து எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பூஞ்சை அல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாகக் கரைந்து மறைந்தால் அது கொழுப்பு மேலே வந்தது. சூட்டில் இளகி மறுபடி இறுகியதன் அடையாளம். சொரசொரப்பாக இருந்தால் அது சர்க்கரை மேலே வந்தது. ஈரம் பட்டு உலர்ந்ததன் அடையாளம். இரண்டும் தின்னத் தகாதவை அல்ல. அழகு மட்டும்தான் கெட்டது.

இரண்டாவது வகை மழைக்காலத்தில் அதிகம் வரும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லெட்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும். சர்க்கரை அதில் கரைந்து, காய்ந்து, வெள்ளைப் பொடியாக நிற்கும். இதைத் தவிர்க்கச் சாக்லெட்டை இறுக்கமான டப்பாவில் வைத்தே பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தாலும் டப்பாவின் குளிர் முழுவதும் போன பிறகே மூடியைத் திறங்கள். மூடிவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாக்லெட் வாடையை இழுக்கும் பண்டம். திறந்து வைத்தால் நேற்றைய மீன் குழம்பின் வாசனை ஊர்ப் பிள்ளைகளின் வாய்க்குப் போய்ச் சேரும்.

பஸ் பயணம்

ஓசூர் வரை பெங்களூர்க் காற்று கூடவே வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கியதும் காற்றின் சூடு மாறும். தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம். இங்கே கல்போலிருந்த சாக்லெட் அங்கே கூழாகப் போய்ச் சேருவதற்கு இதுதான் காரணம்.

இரவு பஸ்ஸில் போவது முதல் உபாயம். சாக்லெட் டப்பாவை முதல் நாளே பிரிட்ஜில் வைத்து, புறப்படும்போது எடுத்து, திறக்காமல் அப்படியே தடித்த துண்டில் சுற்றுங்கள். அதன் மேல் பழைய நாளிதழ் நாலு மடிப்புச் சுற்றினால் சூடு உள்ளே போவது தாமதமாகும். நாளிதழ் டப்பாவுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அச்சு மை தின்பண்டத்தில் படக் கூடாது. பையை இன்ஜின் பக்கமோ, பஸ்ஸின் பின்புறச் சாமான் அறையிலோ வைக்காமல் மடியிலோ மேல் பலகையிலோ வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பகல் பயணம் என்றால் சாக்லெட் வேண்டாம். அந்த மாதத்துக்குக் கடலைமிட்டாயே உத்தமம்.

புத்தூரில் நடந்தது

சாக்லெட் சீமைச் சரக்கு என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் கோகோ மரம் நம் பக்கத்திலேயே நிற்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலும், தென் கன்னடத்துப் பாக்குத் தோப்புகளிலும் அது ஊடுபயிர்.

1970-களில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் ஆர்வமாகக் கோகோ வைத்தார்கள். மரம் காய்க்கத் தொடங்கிய வேளையில், 1980-ஐ ஒட்டி விலை சரிந்தது, வாங்குவாரும் பின்வாங்கினார்கள். அப்போது மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ப்கோ என்ற கூட்டுறவுச் சங்கம் கொள்முதலில் இறங்கியது. பாக்கு விவசாயிகளுக்காக 1973-இல் தொடங்கிய சங்கம் அது. வாங்கிய கோகோவை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக, 1986-இல் புத்தூரில் சொந்தச் சாக்லெட் ஆலையையே திறந்தது. விற்க வழியில்லாத விவசாயிகள் சேர்ந்து நடத்தும் அந்த ஆலை இன்றும் ஓடுகிறது.

உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்தே வருகிறது. அங்கே மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்ததால் 2024-இல் ஒரு டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும், கோகோ விலை ஏறும்போதெல்லாம் அதன் வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பைச் சேர்க்கும் ஆசையும் ஏறும். உறையைப் படிக்க வேண்டியதன் அவசியம் இதிலிருந்தும் விளங்கும்.

விற்க நினைத்தால்

உறவுக்குச் செய்து கொடுத்த சாக்லெட்டை நாலு பேர் மெச்சினால், பத்துப் பெட்டி செய்து விற்கலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு அது ஒரு வருமானம்.

ஆனால் கொடுப்பது வேறு, விற்பது வேறு. வீட்டிலிருந்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பெட்டியின் மேல் சேர்மானங்கள், செய்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்ற விவரம் இருக்க வேண்டும். காம்பவுண்டில் செய்ததைக் "காம்பவுண்ட்" என்றே சொல்லி விற்க வேண்டும். அசல் என்று சொல்லி விற்றால் முதல் தடவை போகும். ருசி தெரிந்தவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

விலை போடும்போது கட்டியின் விலையோடு பருப்பு, தாள், பெட்டி, கேஸ், வீணாகும் பங்கு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கிறவர்களே, "லாபம் வந்தது போலிருந்தது, கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்று பிறகு வருந்துகிறார்கள்.

முதலில் 100 கிராம்

முதல் தடவை செய்கிறவர்கள் அரைக் கிலோவையும் உருக்கிவிட வேண்டாம். 100 கிராம் மட்டும் நறுக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். ஏழெட்டுத் துண்டு வரும். அதை டப்பாவில் போட்டு ஒரு வாரம் வைத்திருந்து, பளபளப்பு குறைகிறதா, வெள்ளை பூக்கிறதா, கடலை நமுக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் தாங்கினால் ஊர்ப் பயணத்தையும் தாங்கும்.

அதன் பிறகு பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மிச்சக் கட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஜிகினாத் தாளில் சுற்றுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஊரிலிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு சிறு சீட்டில் தமிழில் எழுதி அதனதன் பொட்டலத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைப் பெட்டியில் அந்தச் சீட்டு இருக்காது. பாட்டி வீட்டுத் திண்ணையில் பொட்டலம் பிரிக்கும்போது பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.